வளர்த்தவனையே கடிக்கின்றன, என்ன செய்வது?

ஆரையம்பதியிலிருந்து:
எங்கள் நாய் கறுப்பனுக்கு 12 வயது. மணியும் செம்பியும் இரண்டு வருடத்துக்கு முன் யாரோ சாக்கில் கட்டி வாசல் கடப்படியில் விட்டுப்போன குட்டிகள். கறுப்பன்தான் நக்கித் துடைத்து, தன் வயிற்றோடு அணைத்துப் படுக்கவைத்து வளர்த்தான். ஒரு மாதமாக இரண்டும் அவனைக் கண்டாலே பல்லைக் காட்டுகின்றன.

முந்தாநாள் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பன் தள்ளாடி வந்து, படுத்திருந்த மணியின் வாலை மிதித்துவிட்டான். மணி உறுமினான். இவன் விலகவே இல்லை, அப்படியே நின்றான். இரண்டும் சேர்ந்து பாய்ந்துவிட்டன. மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு ஊற்றித்தான் பிரித்தேன். காதில் பொத்தல். இரவு முழுக்க விறாந்தை மூலையில் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

இளசு இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறா அம்மா. எனக்கு மனம் வரவில்லை. மூன்றும் என் பிள்ளைகள். வளர்த்த நன்றியை மறந்துவிட்டதுகளா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
தங்கச்சி, நன்றி மறக்கவில்லை. மணி உறுமியும் அவன் விலகவில்லை என்கிறீர்களே, விசயம் அங்கேதான். பின்னால் நின்று சட்டியில் தட்டிப் பாருங்கள், காதைத் திருப்புகிறானா என்று. உறுமல், காது, வால், பார்வை, இதெல்லாம்தான் நாய்களின் பேச்சு. காது கேளாமல் கண்ணில் பூவும் விழுந்த நாய்க்கு அது எட்டாது. தள்ளிப் போ என்று சொல்லியும் அசையாமல் நிற்கிறானே என்று இளசுக்குத் தோன்றும். மறுகா கடிதான். இரண்டு வயது வேறு. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மல்லுக்கட்டத் தொடங்கும் வயது அது.

உறுமினால் மட்டும் அடிக்காதீர்கள். நான் எங்கள் நாயை விளக்குமாற்றால் அடித்து உறுமலை நிறுத்தினேன். பிறகு அது சத்தமே இல்லாமல் கடித்தது. இன்றைக்கும் அதை நினைத்து வருந்துகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அக்கா, முதலில் கறுப்பனை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மூட்டு நோ, சொத்தைப் பல், உண்ணிக் காய்ச்சல் என்று எது இருந்தாலும் அவனுடைய மணம் மாறும், நடை விறைக்கும். மற்ற நாய்கள் அதை உடனே கண்டுகொள்ளும். பனடோலோ நமக்குத் தரும் வேறு நோ மாத்திரையோ கொடுக்கவே கூடாது. நாய்க்கு அது நஞ்சு. காதுக் காயத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், மூடி வையுங்கள். மூன்றுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? சண்டைக்கு நடுவே கை வைக்காதீர்கள்.

ஆரையம்பதியிலிருந்து:
மூன்றுக்கும் ஊசி போட்டிருக்கிறது. சட்டியில் தட்டினேன். திரும்பவே இல்லை. மூன்று தரம் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வைத்தியர் கறுப்பனின் வாயைத் திறந்து காட்டினார், கடைவாய்ப் பல் ஒன்று அழுகிச் சீழ் கட்டியிருந்தது. அந்த நாற்றத்தை வயதின் நாற்றம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். புதன்கிழமை பிடுங்க வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது கறுப்பனுக்குக் குசினிக்குள் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பாடு. மீன் வெட்டும்போது மற்ற இரண்டையும் பின்வளவில் கட்டுகிறேன். செம்பி அடங்கிவிட்டாள். மணிதான் கிட்ட வந்தால் இன்னும் உடம்பை விறைக்கிறான். எத்தனை நாள் பிரித்து வைப்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
நாள் கணக்கு வேண்டாம், தங்கச்சி. பல் பிடுங்கி வாய் ஆறட்டும். அப்புறம் மணியை நீங்களும் கறுப்பனை அம்மாவும் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடவுங்கள், நடுவே நல்ல இடைவெளி விட்டு. மணி விறைக்காமல் மண்ணை மோந்துகொண்டு வந்தால் அடுத்த நாள் கொஞ்சம் நெருங்கலாம்.