ஓட்டத்தில் வயிறு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். முழு தூர டிரையத்லானுக்குத் தயாராகி வருகிறேன்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். கால் தாங்குகிறது, வயிறுதான் பிரச்சினை.

போன வாரம் ஐந்து மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட்டு, இறங்கியதும் ஓடினேன். ஆறாவது கிலோமீட்டரில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. குடித்த தண்ணீர் உள்ளே குலுங்கும் சத்தமே கேட்டது. அடுத்த ஜெல்லை (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) பிரித்து வாயருகே கொண்டுபோனதும் குமட்டல். மீதி தூரம் நடைதான்.

சைக்கிளில் மணிக்கு 80 கிராம் மாவுச்சத்து எடுத்தேன், எல்லாமே குளுக்கோஸ் ஜெல். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உறிஞ்சும், பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸும் சேர்ந்தால் 90 வரை போகலாம் என்று அப்புறம்தான் படித்தேன். காரணம் அதுதானா, இல்லை ஜெல்லோடு தண்ணீருக்குப் பதில் இனிப்புப் பானம் குடித்ததா?

இன்னொன்று. ஒன்றும் குடிக்காமல் ஒரு மணி நேரம் ஓடி எடை பார்த்தேன், 1.2 கிலோ குறைந்திருந்தது. அவ்வளவையும் ஈடுகட்ட வேண்டுமா? அதிகம் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடுமோ என்று நிஜமாகவே பயமாக இருக்கிறது.

முழு தூரம் முடித்தவர்கள், ஓட்டத்தில் மணிக்கு எவ்வளவு மாவுச்சத்து எடுத்தீர்கள், அதைத் தாங்கக் குடலை எத்தனை வாரம் பழக்கினீர்கள் என்று சொல்லுங்கள். போட்டிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.