பொருள்: ‘இன்டராக்டிவ்’ என்பதற்குச் சொல் வேண்டும் (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்கு)

த.செ., திருவாரூர் | திங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். கஹூட் (திரையில் வினாடி வினா), பிளிக்கர்ஸ் (அட்டை காட்டி விடை சொல்வது), ஜியோஜீப்ரா (கணித வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் மென்பொருள்) மூன்றையும் வகுப்பில் எப்படிக் கையாள்வது என்பதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ‘இன்டராக்டிவ்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தமிழில் என்ன போடலாம்?

ஏன் கேட்கிறேன் என்றால், திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டாலும் அதை இன்டராக்டிவ் என்கிறார்கள். பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையில் அசையாமல் நிற்கும். அதைத் தன் கையால் இழுத்துப் பார்க்கிற பிள்ளை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. வேறுபாட்டைச் சொல்லே காட்ட வேண்டும்.

மு.க., காஞ்சிபுரம் | திங்கள்

அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஊடாடும். ‘ஊடாடும் வெண்பலகை’ என்று பலர் எழுதிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் தறி இருந்தது. நீளவாட்டில் இழுத்துக் கட்டியது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சின்ன வயதில் எனக்குத் தார் சுற்றுகிற வேலை. ஊடை நூல் சுற்றிய அந்தத் தார்க்குச்சி, நாடா என்கிற ஓடத்துக்குள் போகும். நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வரும். போனது திரும்பி வந்தால்தான் துணி. ஊடாடுதல் என்றால் இடையே போய்வருதல், கலந்து பழகுதல். உங்கள் முக்கோணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. வீடியோ போகிறது, திரும்பி வருவதில்லை.

இரா.ந., மதுரை | செவ்வாய்

காஞ்சி நண்பரின் தறி அழகு. ஆனாலும் ‘ஊடு’ என்றதும் தமிழ் படித்தவன் காதில் ஊடல்தான் விழும். திருக்குறள் முடிவதே ஊடலுவகையில்தான். வகுப்பறைக்கு அது வேண்டாம். (இடை என்ற ஊடும் பிணக்கு என்ற ஊடும் ஒரே வேராக இருக்கலாம் என்பது என் ஊகம்: இருவருக்கு நடுவே ஒன்று வந்து நிற்பதுதானே ஊடல்? அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

நான் சொல்வது ‘உறழ்’. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘கூற்றும் மாற்றமும் இடையிடை மிடைந்தும் போக்கின் றாகல் உறழ்கலிக்கு இயல்பே’ என்று இருக்கிறது. ஒருவர் சொல்ல, மற்றவர் மறுமொழி தர, இரண்டும் பின்னிப் பின்னிப் போவது. கலித்தொகையில் கூனியும் குறளனும் மாறி மாறிப் பேசும் பாட்டை எடுத்துப் பாருங்கள். உறழ்பலகை, உறழ்கருவி, உறழ்பாடம் என்று எத்தனை சொல் வேண்டுமானாலும் கிளைக்கும். இவ்வளவு சிறிய வேரை விட்டுவிட்டு ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

சி.ப., யாழ்ப்பாணம் | செவ்வாய்

வணக்கம். ‘இன்டராக்‌ஷன்’ என்பதை எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் ‘இடைத்தாக்கம்’ என்று படித்தே வளர்ந்தோம். நீங்கள் இடைவினை என்கிறீர்கள். உங்களுக்கு வேதிவினை, எங்களுக்கு இரசாயனத் தாக்கம். தமிழ்நாட்டு நண்பருக்குத் தாக்கம் என்றால் அடிதடி நினைவு வருகிறதாம். எங்களுக்கு அப்படி இல்லை. கடலுக்கு இரு கரையிலும் இரண்டு சொல் இருக்கும்போது மூன்றாவதை ஆக்கும் முன், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் புரிகிறதா என்று பாருங்கள். அந்த வகையில் ஊடாடும் எனக்குச் சம்மதம்.

வெ., கோவை | செவ்வாய் இரவு

மென்பொருள் மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பேருந்து நிலைத்தது, மகிழுந்து ஏட்டோடு நின்றுவிட்டது. இரண்டும் ஒரே வார்ப்பு. செயலி என்று பிராசஸருக்கு வைத்தோம், மக்கள் அதை ஆப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். பாடநூலில் ‘விரைவுக் குறியீடு’ என்று அச்சாகியிருக்கிறது, வகுப்பில் கேட்பது க்யூஆர் கோடு. வேர் எவ்வளவு ஆழம் என்று பார்த்து மக்கள் சொல்லை எடுப்பதில்லை. ‘இன்டராக்டிவ்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, பொருளை ஒரு வரியில் விளக்குங்கள். ஆசிரியருக்குக் கையேடு புரிய வேண்டும், அதுதான் முதல் வேலை.

இரா.ந., மதுரை | புதன்

பேருந்தும் முதல் நாளே நாக்கில் ஏறிவிடவில்லை. பலகையில் எழுதி எழுதித்தான் ஏறியது. எழுதுகிறவரே கைவிட்டால் எந்தச் சொல் நிற்கும்?

த.செ., திருவாரூர் | புதன்

எல்லார் மடலையும் படித்தேன், நன்றி. இன்று ஏழாம் வகுப்பில் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். ‘உறழ்கருவி’ என்றதும் முன்வரிசைப் பெண், “உரலா டீச்சர்?” என்று கேட்டாள். ஐயா மன்னிக்க வேண்டும். ‘ஊடாடும்’ என்றபோது யாருக்கும் ஊடல் நினைவு வரவில்லை. பொருளும் தெரியவில்லை, ஆனால் சொல்லத் தடுமாறவில்லை.

பிளிக்கர்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: பிள்ளைகளுக்குக் கைபேசி தேவையில்லை. ஆளுக்கொரு காகித அட்டை, அதில் கட்டம்கட்டமாக ஒரு கறுப்பு வடிவம். எந்தப் பக்கத்தை மேலே திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. நான் என் கைபேசியை ஒருமுறை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் அத்தனை விடையும் வந்துவிடும். கஹூட்டில் சீக்கிரம் தொட்டவருக்கு மதிப்பெண் கூடும், நிதானமாக யோசிக்கிற பிள்ளை பின்தங்கிவிடும். அட்டையில் அந்த அவசரம் இல்லை. வாயே திறக்காத ஒரு பையன் இன்று அட்டையை மூன்று முறை மாற்றி மாற்றித் திருப்பிவிட்டு, பிறகு கெட்டியாகப் பிடித்தான். விடை சரி.

பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘திருப்பட்டை’. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரா.ந., மதுரை | புதன் இரவு

திருப்பட்டை மிக நன்று. திருப்பு + அட்டை, குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்ந்திருக்கிறது.

அப்படியானால் நன்னூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அறிவறி யாமை ஐயுறல் கொளல்கொடை ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்.’ வினா ஆறு வகை. விடை தெரிந்தே ஆசிரியர் கேட்பது அறிவினா. உங்கள் அட்டையும் கஹூட்டும் அதில் அடங்கும். முக்கோணத்தை இழுத்துப் பார்க்கிற பிள்ளை விடை தெரியாமல் கேட்பது அறியா வினா. மாணவர் கடமையில் ‘வினாதல் வினாயவை விடுத்தல்’ (கேட்பதும், கேட்டதற்கு விடை சொல்வதும்) என்றும் நன்னூல் எழுதிய பவணந்தியார் சொல்லிவிட்டார். நீங்கள் தேடுகிற வேறுபாடு அதுவே.

மு.க., காஞ்சிபுரம் | வியாழன்

‘டிஜிட்டல்’ என்பதற்கு என்ன முடிவு? எண்ணிமமா, மின்னணுவா, இலக்கமுறையா? அதன் லத்தீன் வேர் விரல். நாமும் விரல்விட்டு எண்ணுகிறவர்கள்தான்.

வெ., கோவை | வியாழன்

அதை இப்போது தொடங்க வேண்டாம், நாளை அச்சு. பெரும்பான்மை ஊடாடும் பக்கம் தெரிகிறது. நானும் ஒத்துக்கொள்கிறேன், முதல் பக்கத்தில் இன்டராக்டிவ் என்றும் ஒருமுறை இருந்தால் போதும்.

த.செ., திருவாரூர் | வியாழன் இரவு

கையேட்டின் மேலட்டையில் ‘வகுப்பறைக்கு ஊடாடு கருவிகள்’ என்று போகிறது. இன்டராக்டிவ் ஒரே ஒருமுறை, முன்னுரையில். வீடியோவை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ‘காட்சிக் கருவி’ என்று தனியாக வைத்துவிட்டேன். பிளிக்கர்ஸ் அட்டைக்குத் திருப்பட்டை. மூன்றாம் இயலின் தலைப்பு ‘வினாதல், வினாயவை விடுத்தல்’. அறிவினா, அறியா வினா இரண்டையும் அங்கே விளக்கியிருக்கிறேன். டிஜிட்டல் அப்படியே இருக்கிறது.

இரா.ந., மதுரை | வெள்ளி, காலை

‘ஊடாடு கருவி’ என்று இடைவெளி விட்டிருக்கிறீர்கள். வினைத்தொகை, ஒருசொல் நீர்மைத்து (ஒரே சொல் போல நிற்பது). ‘ஊடாடுகருவி’ என்று சேர்த்து எழுத வேண்டும், வல்லினமும் மிகாது. அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுங்கள். உறழ் பற்றிய என் கருத்து மாறவில்லை. அந்தக் கலித்தொகைப் பாட்டை உரையோடு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.