மொட்டைக் கடுதாசியும் மூன்று வருடச் சிறையும்: பெயர் போடாமல் எழுதுவது குற்றமா?

கேள்வி: கிணற்றுமேட்டான்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் என்று எண்ணிவிடாதீர்கள்), தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் வசிப்பவன். எங்கள் தெருக் குழாயில் கோடை தொடங்கியதிலிருந்து செம்மண் கலங்கிய தண்ணீர் வருவதைப் பற்றி, ஊர்க்காரர்கள் புழங்கும் இணையக் குழு ஒன்றில் ஆறு மாதமாகப் புனைபெயரில் எழுதி வருகிறேன். யாரையும் திட்டியதில்லை, தேதி, நேரம், குடத்தின் படம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

சென்ற வாரம் கடைவீதியில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் என்னை நிறுத்தி, சிரித்த முகத்தோடு, "பெயர் வைக்காமல் எழுதினால் கேரளத்தில் கேஸ் ஆகும், மூன்று வருடம் உள்ளே இருக்க வேண்டும்" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று வீட்டுக்கு வந்து பார்த்தால் தவறு என்னுடையதுதான்: கடைசியாகப் போட்ட படத்தில் குடத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நீலக் கேட்டும், அதை ஒட்டி நிறுத்தியிருந்த என் மொபெட்டின் பின்சக்கரமும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

பெயர் போடாமல் எழுதுவதையே தடுக்கும் சட்டம் உண்மையில் இருக்கிறதா? என் சிம் கார்டு பொள்ளாச்சியில் வாங்கியது. என்னை எந்த மாநிலத்துச் சட்டம் கட்டுப்படுத்தும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கச்சேரிப்படி

ஐயா, பாலக்காட்டில் வக்கீல் குமாஸ்தாவாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதை வக்கீலின் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பிரமுகர் சொன்ன மூன்று வருடம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2020 நவம்பரில் கேரள அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கேரளக் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பொய் என்று அறிந்தே ஒருவரை இழிவுபடுத்தும் செய்தியை எந்த வழியில் பரப்பினாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறியது. ஆளுநர் கையெழுத்திட்ட இரண்டாம் நாளே அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவிக்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள் இன்னோர் அவசரச் சட்டம் கொண்டு அதை நீக்கினார்கள். ஆக, செத்துப்போன பிரிவைக் காட்டி உங்களை மிரட்டியிருக்கிறார். அந்தப் பிரிவு உயிரோடு இருந்த நாட்களிலும் அது கேட்டது செய்தி பொய்யா என்பதையே. எழுதியவர் பெயர் போட்டாரா என்பதை அது கேட்கவில்லை.

அதற்கு முன்பே, 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாது என்று அறிவித்தபோது, அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் அடிபட்டுப் போனது. இதை நம் ஊரில் பலர் அறிவதில்லை.

ஆனால் முழுக்க நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். அதே காவல் சட்டத்தின் 120(ஓ) பிரிவு இன்னும் இருக்கிறது. பெயரில்லாத அழைப்பு, கடிதம், செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றால் ஒருவருக்குத் தொல்லை கொடுப்பதை அது குற்றமாக்குகிறது. ஒரு மனிதரைக் குறிவைத்து அனுப்பி நச்சரிப்பதற்கான பிரிவு என்றே நான் அதைப் படிக்கிறேன்; குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பொதுவில் எழுதுவது அதற்குள் அடங்காது என்பது என் கருத்து. ஆயினும் "பெயரில்லாத" என்ற சொல் அதில் இருப்பதால், புகார் கொடுக்க நினைப்பவர் முதலில் தேடி எடுப்பது அதைத்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவும் உண்டு: பெயரை மறைத்துக்கொண்டு ஒருவரை மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். மறைந்திருந்து மிரட்டுவது கூடுதல் குற்றம். மறைந்திருந்து எழுதுவது மட்டும் குற்றமாகாது.

சிம் கார்டு கேள்விக்கு வருகிறேன். காவல் சட்டம் கேரளத்தோடு நிற்கும்; தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சன்ஹிதாவும் மத்தியச் சட்டங்கள் என்பதால் வாளையாற்றுச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். மேலும், அடையாளச் சான்று கொடுக்காமல் சிம் கார்டு கிடைக்காத நாட்டில் நீங்கள் ஊருக்குத்தான் பெயரில்லாதவர், அரசுக்கு அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு செய்தவரின் விவரங்களைக் கணக்கு மூடிய பின்னும் 180 நாட்கள் இணையத் தள நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். விசாரணைக்காக அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையோ அதே விதிகள் பயனர் விரும்பினால் மட்டும் என்றுதான் வைத்திருக்கின்றன.

பதில்: ஈய எழுத்து

கச்சேரிப்படியார் சட்டத்தை நன்றாக விளக்கினார். நான் பொள்ளாச்சிப் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறேன். என் நெஞ்சில் உள்ள ஒரு குறையைச் சொல்ல அனுமதியுங்கள்.

கோயில் திருவிழா நோட்டீசானாலும் அடியில் அச்சகத்தின் பெயரையும் ஊரையும் போட்டே பழக்கப்பட்டவர்கள் நாங்கள். அச்சடித்த தாள் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் போட்டது வெள்ளைக்காரன். அவன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தேர்தல் வந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு கழுத்தின்மேல் நிற்கும்: சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு முறை கடைசி வரி வெட்டுக்கத்தியில் போய்விட்டதால், ஆயிரம் சுவரொட்டிகளின் அடியிலும் இரவெல்லாம் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பு குத்தினோம். நூறு பேர் பார்க்கும் தாளுக்கு இவ்வளவு கெடுபிடி; லட்சம் பேர் பார்க்கும் கைபேசிச் செய்திக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

பதில்: வேலந்தாவளத்துக்காரி

நானும் பெயர் கேட்கும் கட்சிதான், ஆனால் காரணம் வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து என்னைப் பற்றியும் நான் வேலைக்குப் போய்வரும் பேருந்தைப் பற்றியும் தொடர்ந்து எழுதினார்கள். புகார் கொடுக்கப் போனால், கேரளப் பக்கம் "பணியிடம் தமிழ்நாட்டில்தானே, அங்கே கொடுங்கள்" என்றார்கள். அந்தப் பக்கம் "வீடு கேரளத்தில்தானே" என்றார்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். கணக்கை முடக்குவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. எழுதியது யார் என்பது இன்றுவரை தெரியாது. பெயர் போடாமல் எழுதும் உரிமை என்று பேசுகிறவர்கள் அந்த நான்கு மாதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதில்: கச்சேரிப்படி

அம்மா, உங்களுக்கு நேர்ந்ததில் சட்டம் இல்லாத குறையைவிட, இருந்த சட்டத்தை எடுத்துப் பயன்படுத்தாத குறையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 72 மணி நேரத்தில் விவரம் வாங்க வழி இருந்தும், புகாரை ஏற்கவே ஆளில்லை. எல்லாரும் பெயரைப் பதிந்திருந்தால் மட்டும் அந்த இரண்டு நிலையங்களும் எழுந்து வந்திருக்குமா?

எல்லாரையும் பெயர் பதிய வைத்த நாடு ஒன்று உண்டு. தென்கொரியாவில் 2007 ஜூலையில், நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களில் எழுதுவோர் தம் உண்மை அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2009இல் அந்த வரம்பை 1 லட்சமாகக் குறைத்தார்கள். யூடியூப் அதற்கு உடன்படாமல், கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்திவிட்டது. 2011இல் அந்நாட்டு நிறுவனம் ஒன்றின் தளங்களில் புகுந்த திருடர்கள் ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது: சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்று இல்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனதுதான் மிச்சம்.

அச்சகத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் சுவரொட்டியில் இருப்பது அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர். உள்ளே இருக்கும் கவிதையை எழுதியவர் பெயரை 1867ஆம் ஆண்டுச் சட்டம்கூடக் கேட்கவில்லை. பாரதியார் காளிதாசன் என்றும் ஷெல்லிதாசன் என்றும் எழுதியது அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான்.

பெயரைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதைக் காப்பாற்றுவார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பதில்: கிணற்றுமேட்டான்

அனைவருக்கும் நன்றி. வேலந்தாவளத்துச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, என் புனைபெயரை நான் எவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. குழுவில் இனி படம் போட்டால் குடத்தை மட்டும் போடுவேன். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாமா? அதற்கும் பெயர் வேண்டுமே?

பதில்: கச்சேரிப்படி

தாராளமாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு விவரமும் கேட்கக் கூடாது. உங்கள் பெயர் வெளியே போக வேண்டாம் என்றால், வேறு ஊரில் இருக்கும் உறவினர் யாரையாவது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்தியக் குடிமக்கள் யாரும் கேட்கலாம். மலையாளத்தில் எழுதுங்கள், மொழியைக் காட்டி இழுத்தடிக்க இடம் வைக்காதீர்கள்; அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) அடித்துத் தருவார்கள்.

பதில்: கிணற்றுமேட்டான்

நீலக் கேட்டு ஊருக்கே தெரிந்துவிட்டதால் என் பெயரிலேயே போடுகிறேன். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், மலையாளம் பேசுவேனே தவிர எழுத வராது. மகள் எழுதித் தருகிறாள், முதல் வரியிலேயே "வெள்ளம் என்று போடட்டுமா, குடிவெள்ளம் என்று போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.