சர்க்கிள் பிட்: ‘வெறியாட்டு’ வேண்டாம், ‘சுழிக்களம்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மெட்டல் இசை விழாக்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘மோஷ் பிட்’ (மேடைக்கு முன்னால் ரசிகர்கள் தோளோடு தோள் இடித்து ஆடும் இடம்), ‘சர்க்கிள் பிட்’ (அவர்கள் வட்டமாகச் சுற்றி ஓடும் இடம்) இரண்டும்தான் இன்னும் இழுபறியில் இருக்கின்றன. வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, நாடு நாடாகப் போன 2010 சோனிஸ்ஃபியர் மெட்டல் விழாவை வைத்துக்கொள்வோம். மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்ற நான்கு அமெரிக்க மெட்டல் குழுக்களும் முதன்முதலாக ஒரே நாளில் ஒரே மேடையில் ஏறியது அந்த ஆண்டு ஜூன் 16, போலந்துத் தலைநகர் வார்சாவின் பெமோவோ விமானத் திடலில். அங்கிருந்து சுவிட்சர்லாந்து, செக், பல்கேரியா, கிரீஸ், ருமேனியா என்று ஊர் ஊராகப் போய் 27ஆம் தேதி இஸ்தான்புல்லில் முடித்தார்கள். ஜூன் 22 அன்று பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த நிகழ்ச்சி பல நாட்டுத் திரையரங்குகளில் ஓடியது, அப்புறம் வட்டாகவும் வந்தது. நம்மில் பலர் பார்த்ததுதான். (‘டூரிங் ஃபெஸ்டிவல்’ என்பதற்கு ‘டூரிங் விழா’ போதும். டூரிங் டாக்கீஸ் பார்த்து வளர்ந்த ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.)

> மோஷ் பிட் = வெறியாட்டு. சங்க காலத்துச் சொல்லே இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, சங்கப் பாடல்களில் வெறியாட்டு ஆடுபவன் வேலன், அதாவது முருகனின் பூசாரி, ஒருவன். மகளின் வாட்டத்துக்கு முருகுதான் காரணம் என்று நினைத்துத் தாய் அவனை வரவழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களை இட்டுக் குறி பார்த்து, முருகேறி ஆடுகிறான். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மேடைக்கு முன்னால் உள்ள கூட்டத்தில் அப்படி ஒரு வேலன் கிடையாது. உள்ளே இறங்கிய எல்லோரும் ஆடுகிறார்கள்.

இதைவிட எனக்குப் பெரிய தடை ‘வெறி’ என்ற சொல். இன்றைய தமிழில் அது சாதி வெறி, கொலை வெறி, வெறிநாய் என்றுதான் காதில் விழும். அந்தக் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் ஏற்கெனவே அதைக் கலவரம் என்றுதான் நினைக்கிறார்கள். நாமும் அகராதியில் அதை முத்திரை குத்திக் கொடுக்க வேண்டுமா? பிட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒருவன் கால் இடறி விழுந்தால், அதுவரை அவனைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தவர்களே இரண்டு பக்கமும் கையை விரித்து இடம் பிடித்து நிற்பார்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். கழன்று விழுந்த ஷூவை யாராவது எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார், உரியவர் வந்து வாங்கும்வரை. முழங்கையை ஓங்கி வீசுபவனைக் கூட்டமே ஓரங்கட்டிவிடும். இவ்வளவு ஒழுங்கு உள்ள ஒன்றுக்கு ‘வெறி’ பொருந்தாது.

இதே காரணத்தால் ‘மோதல்களம்’ என்பதையும் விடச் சொல்கிறேன். ‘இரு தரப்பினர் மோதல், நான்கு பேர் கைது’ என்று தினமும் படிக்கிறோம். ‘தள்ளுமுள்ளு’ என்று சென்னை நண்பர் சொன்னது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதையும் செய்தித்தாள்கள் கைகலப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ‘நெரிசல்’ கூடவே கூடாது. நெரிசல் என்பது கூட்டத்தில் மூச்சுத் திணறி ஆள் சாகும் நிலை. விழா நடத்துபவர்கள் அஞ்சுவது அதற்குத்தான். அதற்கும் மோஷ் பிட்டுக்கும் ஒரே சொல் என்றால் பாதுகாப்பு அறிவிப்பே குழம்பிப்போகும்.

> சர்க்கிள் பிட்டுக்குக் ‘குரவை’ எப்படி? ஆய்ச்சியர் குரவை இருக்கிறதே.

அழகான யோசனை, ஆனால் குரவையில் கைகோத்து ஆட வேண்டும். ஆளுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு பெயர் என்று சிலம்பில் எவ்வளவு நுணுக்கமாக வருகிறது! சர்க்கிள் பிட்டில் யாரும் கை கோப்பதில்லை. நடுவில் ஓர் இடம் காலியாகிறது, அதைச் சுற்றி ஆட்கள் ஓடத் தொடங்குகிறார்கள், ஓரத்தில் நிற்பவர்களையும் அந்த ஓட்டம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆற்றில் சுழி விழுவது போலத்தான். நான் ‘சுழி’யைப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

இது என் கற்பனை மட்டுமில்லை. கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் மெட்டல் கச்சேரிக் காணொளிகளை அளந்து பார்த்து, 2013இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். மோஷ் பிட்டில் ஆட்களின் வேகம் ஒரு வளிமத்தின் மூலக்கூறுகளுடைய வேகத்தைப் போலப் பரவியிருக்கிறது, சர்க்கிள் பிட்டோ சுழலாகச் சுற்றுகிறது என்று கண்டார்கள். சுற்றும் திசையையும் பார்த்தார்கள்: மிகப் பெரும்பாலானவை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அதாவது இடஞ்சுழி! வலஞ்சுழி, இடஞ்சுழி என்று திசைக்கும் சொல் கையிலேயே இருக்கிறது. ‘இடஞ்சுழிக் களம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘வட்டக்குழி’ என்று பட்டியலில் முதலில் இருந்ததே, அதைப் படிப்பவர் கிணறு வெட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

> மோஷ் பிட், சர்க்கிள் பிட் இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா? ரசிகர்களே மாற்றி மாற்றித்தானே சொல்கிறார்கள்.

போதாது. இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் தாளம்தான். த்ராஷ் (வேகமான மெட்டல் வகை) பாட்டு ஒன்று மேல்காலத்தில், அதாவது வேகமான தாளத்தில், பறக்கும்போது கூட்டம் ஓடும், சுழி விழும். திடீரென்று டிரம்மர் பாதி வேகத்துக்கு இறங்குவார். கச்சேரிக்குப் போகிறவர்கள் சொல்வது போல, கீழ்க்காலம். கிட்டார் கனத்து நிற்கும், ஓட்டம் நின்றுபோகும், அதே ஆட்கள் தோளோடு தோள் இடிக்கத் தொடங்குவார்கள். ஆந்த்ராக்ஸின் ‘இண்டியன்ஸ்’ பாட்டைக் கேட்டால் இது உடனே பிடிபடும். 1987இல் வந்தது, சோஃபியாவிலும் வாசித்தார்கள். பாட்டின் நடுவே குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்காட் இயன் ‘வார் டான்ஸ்’ என்று கத்துவார், அடுத்த நொடி அந்த மெதுவான கிட்டார் அடி விழும், முன்வரிசை முழுக்கக் குதிக்கும். அந்த ஒரு கத்தலுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு, நானும்தான். இந்த மாற்றத்தை எழுத நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

சரி, மோஷ் பிட்டுக்கு என்ன? எனக்கு முதலில் பிடித்தது மதுரை நண்பர் தந்த ‘முட்டுக்களம்’. கிடா முட்டு, ஜல்லிக்கட்டு எல்லாம் நினைவுக்கு வரும் நல்ல சொல். ஆனால் இன்றைக்கு இணையத்தில் ‘முட்டு கொடுப்பது’ என்றால் கட்சிக்கோ நடிகருக்கோ வக்காலத்து வாங்குவது. முட்டுக்களம் என்றால் அதைத்தான் நினைப்பார்கள். ‘இடிகளம்’ என்று மாற்றலாமே என்று தோழி ஒருவர் கேட்டார், பிறகு அவரே வேண்டாம் என்றார். பேருந்தில் பெண்களை இடிப்பவர்களைப் பற்றிய நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பிட்டுக்குள் பெண்களும் இறங்குகிறார்கள், அங்கே அவர்கள் கேட்பது அந்தத் தொல்லை இல்லாத ஓர் இடத்தைத்தான்.

அதனால் ‘மோஷ்’ அப்படியே இருக்கட்டும். வாஷிங்டன் ஹார்ட்கோர் பங்க் இசை வட்டத்தில் பேட் பிரெயின்ஸ் குழுவின் பாடகர் ‘மாஷ்’ என்றது ‘மோஷ்’ என்று காதில் விழுந்து நிலைத்ததாகத்தான் பரவலாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே அது ஒலியாக வந்து ஒட்டிக்கொண்ட சொல். சோஃபியாவில் ஆந்த்ராக்ஸ் தொடங்கியதே ‘காட் இன் எ மோஷ்’ பாட்டோடுதான், பாட்டின் பெயரிலேயே சொல் இருக்கிறது. ஆக, ‘மோஷ் களம்’. ‘களம்’ நெல்லடிக்கும் களத்திலிருந்து போர்க்களம்வரை தாங்கும். பலர் இறங்கி உழைக்கும் திறந்த இடம் என்ற பொருள் அதில் கெடாமல் நிற்கிறது.

> தலையாட்டல் = ஹெட்பேங்கிங்?

ஹெட்பேங்கிங் என்பது தாளத்துக்குத் தலையை வேகமாக வீசி ஆடுவது. தலையாட்டல் நம்மிடம் சம்மதம். ‘தலைவீச்சு’ என்கிறேன். ‘ஸ்லேயர் பாடகர் டாம் அராயா 2010 தொடக்கத்தில் கழுத்தில் அறுவை செய்துகொண்ட பிறகு தலைவீச்சை விட்டுவிட்டார்’ என்று எழுதினால் உறுத்தவில்லை. சோஃபியா பதிவில் அவர் நேராக நின்று பாடுவதைப் பார்க்கலாம். பக்கத்தில் அதே குழுவின் கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹானிமன் முழுதாக வாசிக்கிறார். அடுத்த ஆண்டு கை நோயால் அவர் விலக, கேரி ஹோல்ட் அந்த இடத்துக்கு வந்தார். 2011 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் இண்டியோ மேடையில் கடைசி இரண்டு பாட்டுக்கு ஹானிமன் ஏறியதோடு அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது. 2013 மே மாதம் காலமானார். பட்டியலுக்குத் தேவையில்லாத செய்திதான், இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை.

இலக்கணம் பார்க்கும் ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சம்: சர்க்கிள் பிட்டுக்குச் சுழிக்களமா, சுழல்களமா? ‘சுழல்களம்’ என்றால் வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் களம் என்று முக்காலத்துக்கும் விரியும், ஒற்று மிகாது. ‘சுழிக்களம்’ போர்க்களம் போலப் பெயரோடு பெயர் சேர்ந்தது, அதனால் ஒற்று மிகும். திசைச் சொற்களோடு ஒத்துப்போவதால் நான் சுழிக்களத்தின் பக்கம். உங்கள் கருத்து வந்ததும் பட்டியலில் ஏற்றிவிடலாம். ‘வால் ஆஃப் டெத்’துக்கு வந்த நான்கு சொற்களிலும் சாவு வருகிறது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே ஓடிவருவதை மட்டும் சொல்லும் சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்