எஞ்சினுக்கு அடுத்த வண்டி

மலாயா ரயில்வே மாதிரிகளைச் செய்கிறவர்கள் நீராவி எஞ்சினோடு நின்றுவிடுகிறார்கள். சரக்கு வண்டியை யாரும் சீண்டுவதில்லை. சிங்கப்பூரையும் மலாயாவையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் முதலில் ஓடியதே சரக்கு ரயில்தான்; பயணிகள் அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அந்த மரியாதைக்காகவாவது ஆறு டேங்கர் வேகன்கள் செய்தேன்.

அசல் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். 1:87 அளவில் அது பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 12. அரை மில்லிமீட்டரை மன்னித்துவிட்டேன். சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசைதான் தஞ்சோங் பகார் நிலையம் என்பதால், மன்னிப்பு எனக்கும் தேவைப்படுகிறது.

உருளை செய்வது சுலபம். அழுக்குப் பூசுவதுதான் பெரும் பாடு; உள்ளே போகும் சரக்குக்கு ஏற்ப அழுக்கும் மாறும். கச்சாச் செம்பனை எண்ணெய் ஆரஞ்சுச் சிவப்பு; மூடியைச் சுற்றி வழிந்து, தூசி ஒட்டிக் கறுத்துப்போகும். ரப்பர் பால் வெள்ளையாக வழிந்து, காயக்காய மஞ்சள் படர்ந்து, தோலாக உரியும். அதற்கு வெள்ளைப் பசையை ஊசிமுனையில் தொட்டு இழுத்தேன். மூன்று இரவுகள் போயின. பெட்ரோல் வண்டிகளுக்கு மங்கிய கறுப்பின் மேல் பளபளக்கும் கறுப்பு, அவ்வளவுதான்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலை ஓடவிட்டேன். பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் தம்பி இந்த வண்டியைக் கோத்தது?”

“நான்தான் ஐயா.”

“எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் பெட்ரோலா? பொறி பறக்குமே! நடுவில் ஒரு காலி வண்டி போட வேண்டாமா?”

யார்டில் வண்டி கோக்கும் வேலை பார்த்தவராம். கேட்காமலேயே கடைசியில் இருந்த மூடிய வேகனைக் கழற்றி முன்னால் மாட்டினார். என் மூன்று இரவு அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

மறுமொழி:
தம்பி, உங்கள் எஞ்சின் கிளாஸ்கோவில் செய்த, மூன்று சிலிண்டர் உள்ள 56 வகுப்பு. அவற்றில் பல பின்னாளில் எண்ணெய் எரிப்பவையாக மாற்றப்பட்டவை. நிலக்கரிப் பொறி எங்கிருந்து பறக்கும்? சிறுவயதில் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தடியில் நின்று அண்ணனும் நானும் வேகன்களை எண்ணுவோம். கடைசியில் கார்டு வண்டி தெரியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் கணக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எஞ்சினுக்கு அடுத்து என்ன வந்தது என்று பார்த்த ஞாபகமே இல்லை.

முதலில் எழுதியவர்:
எண்ணெய் எரித்தாலும் உள்ளே இருப்பது நெருப்புதானே அண்ணே. பெரியவர் கோத்த வரிசையைக் கலைக்கவில்லை. ஆனால் ஒரு தொல்லை: அந்தக் காலி வண்டி இலேசாக இருப்பதால், பின்னால் ஆறு டேங்கர்கள் இழுக்கும்போது வளைவில் தடம் புரள்கிறது. இன்றிரவு அதற்குள் ஈயத் துண்டுகளை ஒட்டிப் பார்க்கிறேன்.