ஊரிலயிருந்து வந்த கடிதம் பிடிஎஃப்பில குழம்புதா?

கேள்வி: கிளிநொச்சியில ரைப் செய்த சத்தியக்கடதாசியை வேர்ட் ஃபைலா அனுப்பியிருக்கினம். கனடாவில திறந்து பிடிஎஃப்பா பிரின்ட் குடுத்தா ஆங்கில எழுத்தும் குறியுமா வருது. பிரின்டரை அழிச்சுத் திரும்பப் போட்டும் சரிவரேல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிரின்டரைப் பேசாம விடுங்கோ தம்பி, அதில பிழையில்லை. இது பாமினி எழுத்துரு செய்யிற வேலை. வன்னியில ரைப் அடிக்கிற கடைகளில பாமினி நல்லாப் புழங்குது. பாமினியில "தமிழ்" எண்டு தெரியிற சொல், கொம்பியூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். தமிழ் வடிவம் எழுத்துருவுக்குள்ள மட்டும்தான் இருக்கு. உங்கட மெஷினில பாமினி இல்லாட்டி வேர்ட் வேற எழுத்துருவைப் போடும், உள்ள கிடந்த ஆங்கில எழுத்து வெளியில வரும். பிடிஎஃப் அதை அப்படியே பதிஞ்சுபோடும்.

ரைப் செய்த கடையிலயே, வேர்டில 'சேவ் அஸ்' குடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுறதுதான் சுகமான வழி. வந்ததும் அடோபி ரீடரில ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபொன்ட்ஸ் எண்டு போய்ப் பாருங்கோ. பாமினிக்குப் பக்கத்தில 'எம்பெடட் சப்செட்' (எழுத்துரு ஃபைலுக்குள்ளயே இருக்கு) எண்டு இருந்தா எந்த மெஷினிலயும் தமிழாத்தான் தெரியும்.

ஆனா அதிலயிருந்து வசனத்தைக் கொப்பி பண்ணி மொழிபெயர்ப்பாளருக்கு ஒட்டி அனுப்பினா, திரும்பவும் அந்த ஜே கே பி ஓ தான். அதுக்கு யுனிகோட்டுக்கு (தமிழைத் தமிழாவே பதியிற பொது முறை) மாத்தி, விண்டோஸில ஏற்கெனவே இருக்கிற நிர்மலா யூஐ எழுத்துருவில வைக்கவேணும். மாத்தேக்க தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கோ. முழுக் கடிதத்தையும் போட்டா, பழைய அடையாள அட்டை இலக்கத்தின்ர கடைசியில நிக்கிற ஆங்கில 'வி', தமிழ் 'ஏ' ஆகியிடும். சின்ன விசயம்தான், ஆனா அதைக் கண்டு கடிதத்தைத் திருப்பி அனுப்பினா ஆரையும் குறை சொல்லேலாது.

இன்னொரு பதில்: அண்ணை சொன்னது சரி. கடதாசி அளவையும் பாருங்கோ. ஊரில ஏ4, 210க்கு 297 மில்லிமீற்றர். கனடாவில லெட்டர், 216க்கு 279. உயரத்தில 18 மில்லிமீற்றர் குறையுது. விதானையார் (கிராம அலுவலர்) கடிதத்தில முத்திரையும், பிரதேச செயலாளற்ற மேலொப்பமும் அடியிலதானே இருக்கும்? வெட்டுப்படுறது அந்த இடம்தான். பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில ஏ4 எண்டு மாத்துங்கோ. லெட்டரில கட்டாயம் வேணுமெண்டா 'அக்சுவல் சைஸ்' வேண்டாம், 'ஃபிட்' போடுங்கோ.

கனடாக் குடிவரவு விண்ணப்பப் படிவங்களில வேற கூத்து. குரோமில திறந்தா "பிளீஸ் வெயிட்" எண்டு ஒரு பக்கம்தான் வரும். அதை பிரின்ட் குடுத்து அனுப்பினா வெறும் அந்த வசனம்தான் போகும். டவுன்லோட் செய்து, அடோபி ரீடரில திறந்து, நிரப்பி, 'வலிடேட்' பொத்தான் இருந்தா அதை அமத்தி, 'சேவ்' குடுங்கோ. பிரின்ட் வழியால பிடிஎஃப் ஆக்கவேண்டாம். டிஜிட்டல் கையொப்பம் போட்டு வந்த பிடிஎஃப்பும் இப்படித்தான். திரும்ப பிரின்ட் குடுத்தா கையொப்பம் வெறும் படமாப் போகும். வந்த ஃபைலையே அனுப்புங்கோ.

பாமினியும் இல்லை, அளவும் சரி, ஆனாலும் சில எழுத்து மட்டும் விடுபட்டா, ரீடரின்ர பிரின்ட் பெட்டியில 'அட்வான்ஸ்ட்' போய் 'பிரின்ட் அஸ் இமேஜ்' போட்டுப் பாருங்கோ. ஃபைல் பெருக்கும், தேடவும் ஏலாது. அதால வேற வழி இல்லாட்டி மட்டும்.

கடைசிப் பதில்: பிரின்ட் குடுத்தும் சேமிக்கிற பெட்டியே வராட்டித்தான் மெஷினில பிழை. விண்டோஸ் சேர்விசஸில, பிரின்டுகளை வரிசையில வைக்கிற 'பிரின்ட் ஸ்பூலர்' எண்டதை நிப்பாட்டி, சி டிரைவில விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள கிடக்கிற ஃபைல்களை மட்டும் அழிச்சு, ஸ்பூலரைத் திரும்பத் தொடக்குங்கோ. அதுக்கும் வராட்டி, 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில 'மைக்ரோசொப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' அடையாளத்தை எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, திரும்பப் போடுங்கோ. வரிசையில நிண்ட பழைய பிரின்ட் எல்லாம் போயிடும், தேவையானதைத் திரும்பக் குடுக்கவேணும்.