ஆட்டு மூக்குச் சவ்வு எஸ்.ஈ.எம்.ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) பசை மாதிரி தெரியுது

கேள்வி (கோயமுத்தூர்):
ஏனுங்ணா, மோப்ப நரம்பு செல் எது, தாங்கு செல் எதுன்னே தெரியலைங்க. 2.5% குளூட்டரால்டிஹைடுல ஃபிக்ஸ் பண்ணி (திசு கெடாம உறையவெச்சு), எத்தனால்ல தண்ணிய எடுத்து, அப்புறம் காத்துல காயவெச்சோம்.

பதில் (ஈரோடு):
ரெண்டு தப்பு தம்பி. சளியோட ஃபிக்ஸ் பண்ணினா சளியும் உறைஞ்சு போர்வையாயிரும். மொதல்ல 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாம வெச்சுக்கற கரைசல்), பி.எச். 7.4, மூணு தடவை மெதுவா அலசுங்க. பிப்பெட்ல நேரா பீச்சினா சிலியா (செல் மேல இருக்கிற நுண்மயிர்) பிஞ்சுக்கும்.
காத்துல காயவெச்சது பெரிய தப்பு. ஆவியாகிற திரவத்தோட பரப்பு இழுவிசை சிலியாவை ஈர முடி மாதிரி ஒட்டவெச்சிரும். 100% எத்தனாலுக்கு அப்புறம் கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர்தான் (எத்தனாலுக்குப் பதிலா திரவ கார்பன் டை ஆக்சைடை ஏத்தி உலர்த்தற கருவி). கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 74 பார் தாண்டினா திரவம், வாயுங்கிற எல்லையே இருக்காது, இழுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கடைசியா தங்கப் பூச்சு.

பதில் (நாமக்கல்):
நரம்பு செல்லோட நுனி 1–2 மைக்ரான் குமிழுங்க. அதுலிருந்து நீள சிலியா பல திசைல படுத்துக் கெடக்கும். சுத்தியிருக்கிற தாங்கு செல்லுக்குக் குமிழ் கெடையாது, குட்டை மைக்ரோவில்லைதான் (செல் பரப்புல இருக்கிற நுண்ணிய விரல் மாதிரி நீட்சி), அருகம்புல் மாதிரி. சிலியா நெல்லு நாத்தாட்டம் ஒரே ஒயரத்துல நெருக்கமா நின்னா அது சுவாசச் சவ்வு, மோப்பச் சவ்வு இல்ல. அப்படின்னா வெட்டின எடமே தப்பு; இன்னும் பின்னால, சல்லடை எலும்புப் பக்கம் மஞ்சளா இருக்கறதை எடுங்க.

கேள்வி கேட்டவர்:
நாங்க எடுத்தது முன்பக்கமுங்க. அதான் சங்கதி.